குறையாத நாற்பது

ஜூலை மாதத்து முதல் திங்கட்கிழமை வந்துவிட்டால், டேனர் ஓடைச் சாலையில் தபால் பெட்டிக்குப் பெட்டி ஓப்பலின் சீட்டு ஒன்று கிடக்கும். நாளை முதல் அடுத்த சனிக்கிழமை மதியம் வரை உங்கள் வீட்டுச் சர்க்கரைப் புட்டியை இறக்கி உள்ளே வைத்துவிடுங்கள், சிட்டுகளுக்கு வளையம் போட எல்டன் வருகிறார், உதவிக்கு ஒரு குப்பி பீச்சு ஜாம் உண்டு என்று குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருப்பாள்.

அந்தச் சாலைக்குத் தபால்காரியும் அவள்தான். ஜீப்பின் வலப்பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ஓரத்தோடு ஓரமாக ஊர்ந்து, கையை நீட்டி நீட்டிப் பெட்டிகளில் போட்டுக்கொண்டு போவாள். இருபத்திரண்டு வருடத்துப் பழக்கம். ஸ்டாம்ப் ஒட்டாத காகிதம் எதுவும் தபால் பெட்டிக்குள் போகக் கூடாது என்பது சட்டம். ஆகையால் தன் சீட்டுகளுக்கும் தானே ஸ்டாம்ப் வாங்கி ஒட்டி, தானே முத்திரை குத்தி, தானே கொண்டுபோய்ப் போட்டாள். சட்டத்தை மீறுகிற பெண் இல்லை ஓப்பல். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பிறகு அவளைப் பற்றிப் பலரும் பலவிதமாகப் பேசினார்கள்.

சிட்டு என்றால் ரீங்காரச் சிட்டு. கட்டைவிரல் அளவுகூட இருக்காது. ஆணுக்குக் கழுத்தில் மாணிக்கத்தை உரசிப் பூசியதுபோல் ஒரு சிவப்பு. வெயில்காலம் முழுக்க அந்தப் பக்கத்து ஜனங்கள் வீட்டுக்குப் பின்னால் புட்டியில் சர்க்கரைத் தண்ணீர் நிரப்பித் தொங்கவிடுவார்கள். ஒரு பங்கு சர்க்கரைக்கு நாலு பங்கு தண்ணீர். சிட்டு அந்தரத்திலேயே நின்று அலகை நுழைத்துக் குடித்துவிட்டு, அடுத்த புட்டியில் குடிக்கிற சிட்டோடு சண்டைக்குப் போகும்.

போன வருடம் ஜூலையில் சீட்டு போட வந்தபோது ஹோபர்ட் தன் பெட்டிக்குப் பக்கத்தில் புல்வெட்டும் இயந்திரத்தைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுபத்துநாலு வயது. முன்பு நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவர். மூச்சைவிடப் பேச்சு அதிகமாக வரும்.

"என்ன கண்ணு, ஸ்டாம்ப் ஒட்டின காதல் கடிதமா?"

"ஆமா, உங்களுக்குத்தான். பிரிச்சுப் படிங்க."

"படிக்கவே வேணாம். எட்டு வருஷமா ஒரே சங்கதிதானே. புட்டியை இறக்கு, உள்ள வை, ஜாம் வாங்கிக்க. ஒரு வருஷமாச்சும் 'எப்படி இருக்கீங்க ஹோபர்ட்'னு ஒரு வரி எழுதினியா?"

"எப்படி இருக்கீங்க ஹோபர்ட்?"

"இடுப்பு செத்துப்போச்சு. மத்ததெல்லாம் உசிரோட இருக்கு." அவர் எண்ணெய்க் கையோடு சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் செருகினார். "ஆனா இந்த வருஷம் இறக்குறதுக்கு ஒண்ணும் பெரிசா இல்ல கண்ணு. ஒரே ஒரு சிட்டுதான் வருது. அதுவும் மனசு வந்தா. போன வருஷம் நாலு வந்துது. உன் வீட்டுல எப்படி?"

"பரவாயில்ல" என்றாள் ஓப்பல். ஜீப்பை நகர்த்திவிட்டாள்.

பொய் சொல்ல வேண்டும் என்று அவள் தொடங்கவில்லை.

எல்டன் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். சிட்டைப் பிடிக்கவும் வளையம் போடவும் அரசாங்கத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். மலைக்கு இந்தப் பக்கம் அது அவர் ஒருவரிடம்தான் இருந்தது. வருடத்துக்கு ஆறு முற்றம். ஜூலை இரண்டாவது சனிக்கிழமை ஓப்பலின் முற்றம். இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி, விடியும்போதே வந்துவிடுவார். புட்டியைச் சுற்றி வலைக்கூண்டு கட்டி, சிட்டு உள்ளே வந்ததும் தூண்டில் நரம்பை விட்டுக் கதவை விழவைப்பார். பிடித்த சிட்டைத் துணிப்பையில் போட்டு எடை பார்த்து, அதன் காலில், நம் கண்ணுக்கே தெரியாத அந்தக் காலில், எண் பொறித்த அலுமினிய வளையம் ஒன்றைப் பூட்டுவார். கடைசியில் அதை யாருடைய உள்ளங்கையிலாவது மல்லாத்தி வைப்பார். விடுதலை ஆனது தெரியாமல் அது ஒரு நிமிடம் அப்படியே கிடக்கும். கை முழுக்க அதன் நெஞ்சு அதிரும். அப்புறம் ஆளைக் காணோம்.

அதைக் கையில் வாங்குவதற்கென்றே சாலை முழுக்க ஜனம் வரும். மடக்கு நாற்காலி தூக்கிக்கொண்டு, பன்றித்தொடை வைத்த பிஸ்கட் ரொட்டியும், கடுகு பிசைந்து நிரப்பிய முட்டையும், சோளக் களியும், ஐஸ் போட்ட இனிப்புத் தேநீரும் எடுத்துக்கொண்டு வருவார்கள். ஓப்பலின் கணவன் வேறொருத்தியோடு ஓஹையோவுக்குப் போய்ப் பதினாறு வருடம். அந்த ஒரு சனிக்கிழமைதான் அவள் வீட்டுக்குப் பின்னால் முப்பது பேர் சிரிக்கிற சத்தம் கேட்கும்.

முதல் வருடம் நாற்பத்தாறு சிட்டு. இரண்டாவது வருடம் முப்பத்தெட்டு. மூன்றாவது வருடம் முப்பத்தொன்று. அன்றைக்கு எல்டன் அவள் சமையலறைக் குழாயில் கையைக் கழுவிக்கொண்டே, மிகச் சாதாரணமாகத்தான் சொன்னார்:

"முப்பதுக்குக் கீழ போச்சுன்னா இந்த முற்றத்த விட்டுடலாம்னு பாக்குறேன் ஓப்பல். எனக்கும் வயசாகுது. அவ்வளவு தூரம் வந்து பத்துப் பதினஞ்ச பிடிச்சு என்ன ஆகப்போவுது?"

அடுத்த ஜூலையில் ஓப்பல் பக்கத்து மூன்று வீடுகளிலும் புட்டியை இறக்கச் சொன்னாள். விருந்தாளி வரும் நாளில் பக்கத்து வீட்டு நாற்காலியை வாங்கிப் போட்டுக்கொள்வது மாதிரிதான் அவளுக்கு அது பட்டது. அந்த வீட்டுச் சிட்டுகளும் அவளிடம் வந்தன. நாற்பத்திரண்டு. எல்டன் தொப்பியைக் கழற்றி, "அடேங்கப்பா, திரும்பி வந்துட்டாங்களே!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபிறகு யாருக்குத்தான் வாயைத் திறக்க மனசு வரும்?

ஐந்தாவது வருடம் மூன்று வீடு போதவில்லை. ஐந்து வீடு. பிறகு எட்டு. பிறகு பன்னிரண்டு. பாலத்துக்கு அப்பால் போய்ப் பதினேழு. கூண்டில் விழுகிற சிட்டு மட்டும் நாற்பதைவிட்டு அசையவில்லை. பதினோராவது வருடமாகிய போன ஜூலையில் முப்பத்தொரு வீட்டுக்குச் சீட்டுப் போட்டு, தன் முற்றத்தில் பத்துப் புட்டி தொங்கவிட்டு, அவள் பிடித்துக் கொடுத்தது சரியாக நாற்பது.

"மத்த அஞ்சு முற்றமும் பாதிக்குக் கீழ விழுந்துடுச்சு" என்றார் எல்டன் நோட்டை மூடிக்கொண்டே. "உங்க முற்றம் மட்டும் கல்லு மாதிரி நிக்குது. என்ன மண்ணோ, என்ன ராசியோ."

ஓப்பலுக்குப் பெருமையாக இருந்தது. பெருமைக்கு அடியில் பல்லில் சிக்கிய நார் மாதிரி ஒன்று உறுத்தவும் செய்தது. நாக்கால் தடவிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

பட்டாம்பூச்சிகளை மட்டும் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவை யார் சீட்டுக்கும் வருகிறவை இல்லையே. முன்பெல்லாம் ஓடை சாலையைக் கடக்கிற இடத்தில், ஈர மண்ணில், மஞ்சள் வால்காரப் பட்டாம்பூச்சிகள் நூறும் இருநூறுமாக உட்கார்ந்து உப்பு உறிஞ்சும். ஜீப்பை நிறுத்தி ஹாரன் அடிப்பாள். மஞ்சள் துணியை உதறினதுபோல் எழும்பி வழிவிடும். கொஞ்ச வருடமாக அந்த இடத்தில் அவள் பிரேக்கைத் தொடவே இல்லை. தொடவில்லை என்பதே ஒரு நாள்தான் உறைத்தது.

அவள் முதல் சீட்டு எழுதிய அதே வருடம்தான் மாவட்ட சபையின் கொசு மருந்து லாரியும் வர ஆரம்பித்தது. வியாழக்கிழமை தோறும் பொழுது சாயும்போது ஓடைச் சாலையில் வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு போகும். சும்மா வரவில்லை. அதற்கு முந்தின வருடம் கொசுக்கடியில் மூளைக்காய்ச்சல் வந்து இரண்டு பேர் செத்துப்போனார்கள்; சபைத் தலைவர் டாயலின் மனைவி பிழைத்துக்கொண்டாள், ஆனால் இன்றுவரைக்கும் அவளுக்குக் கரண்டி பிடிக்க வராது. அதனால் லாரியைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் திறந்தது மார்வா. ஓப்பலின் பள்ளிக்கூடத் தோழி. தேனீ வளர்த்தவள், இருபது பெட்டி இருந்த இடத்தில் இரண்டு பெட்டி. லாரி ஒப்பந்தத்தை இன்னும் பத்து வருடத்துக்கு நீட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் வீடு வீடாகப் போய் இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கினாள். ஒரே ஒரு கோடைக்கு லாரியை நிறுத்திப் பாருங்கள், அவ்வளவுதான் கோரிக்கை. சிட்டு சர்க்கரைத் தண்ணீரில் மட்டும் வாழ்வதில்லை. குஞ்சுக்குக் குட்டிப் பூச்சிதான் சோறு. பூச்சியைக் கொன்றால் எல்லாம் போச்சு என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

"நீயும் வாடி" என்றாள் ஓப்பலிடம். "எல்டன் சாரும் வர்றாரு. இந்த மாவட்டத்துல வருஷா வருஷம் எண்ணி எழுதி வச்சிருக்கிற ஒரே மனுஷன் அவருதான். அவரு நோட்டைக் காட்டினா எவனும் பேச முடியாது."

தன் முற்றத்து நாற்பது ஓப்பலுக்கு நினைவு வந்தது. ஆனாலும் அவள், மற்ற ஐந்து முற்றத்தைத்தான் காட்டுவார் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். அந்த ஐந்தும் வேறு மாவட்டங்களில் இருக்கின்றன என்பதை அவள் யோசிக்கவில்லை.

மே மாதம், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. சபைக் கூடம் நிறைந்து சுவரோரமும் ஆள் நின்றார்கள். டாயல் நல்ல மனிதர். குரல் உயர்த்தத் தெரியாதவர். மார்வா பேசி முடிக்கிறவரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீங்க சொல்றத நான் தள்ளிவிடல மார்வா. பட்டாம்பூச்சி இல்லைங்கறீங்க. நானும் பாக்கல. ஆனா நான் வீட்டுக்காரிக்கு ஊட்டிவிட்டுட்டு ஆபீசுக்கு வர்றவன், நான் எங்க போய்ப் பாக்கப்போறேன்? சபைன்னா கையில ஏதாச்சும் இருக்கணும்ல. நம்ம மாவட்டத்துல எண்ணி வச்சிருக்கிறது எல்டன் சார் நோட்டு ஒண்ணுதான். சார், நீங்களே படிச்சிடுங்களேன்."

எல்டன் எழுந்தார். அவர் மார்வாவுக்காக வந்தவர். ஆனால் நோட்டில் இருப்பதைத்தான் படிக்கத் தெரியும் அவருக்கு. "மத்த மாவட்டங்கள்ல பாதியா குறைஞ்சிருக்கு, அத முதல்ல சொல்லிடுறேன்" என்றார். பிறகு ஓப்பல் முற்றத்தின் பதினோரு எண்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார்.

டாயல் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை வைத்தார். "லாரி வர்றதுக்கு முன்னாடி நாப்பத்தாறு, முப்பத்தெட்டு, முப்பத்தொண்ணு. மளமளன்னு இறங்கிக்கிட்டு இருந்திருக்கு. லாரி வந்த வருஷத்துலேர்ந்து நாப்பதுக்குப் பக்கத்துலயே நின்னுடுச்சு. எட்டு வருஷமா. நான் லாரியாலதான் நின்னுச்சுன்னு சொல்ல வரல. ஆனா லாரியால செத்துதுன்னு எப்படிச் சொல்றது?"

கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஓப்பலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மார்வா மெல்லத் திரும்பினாள்.

"நாப்பதா? உன் வீட்டுலயாடி?"

ஓப்பல் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, நான் புட்டிய இறக்கினது நீ கேட்டியேன்னுதான். அக்கம் பக்கத்துல ரெண்டு பேரைக் கேட்டிருப்பேன்னு நெனச்சேன். எத்தனை பேருகிட்டடி கேட்ட?"

அப்போதுதான் ஓப்பல் எழுந்து நின்றாள். முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓப்பலம்மா, பேர் குடுத்தவங்கதான் பேசணும்" என்றார் டாயல், பிரியமாகத்தான்.

"அந்த நாப்பது என் முற்றத்துச் சிட்டு இல்லங்க."

"புரியலையே."

"நான் ஊர்ச் சிட்டையெல்லாம் கூட்டிட்டு வந்தேன். எல்லாரையும் புட்டிய இறக்கச் சொல்லி. மொதல்ல மூணு வீடு. போன வருஷம் முப்பத்தொரு வீடு. இந்த ரூம்புல இருக்கிற முக்காவாசிப் பேருகிட்ட நான் கேட்டிருக்கேன்."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் தன்னிடம் மட்டும்தான் கேட்டாள் என்று நினைத்திருந்தார்கள்; அல்லது அப்படி நினைத்துக்கொள்வது சௌகரியமாக இருந்தது. விருந்தாளி முன்னால் ஒருத்தி தன் வீட்டைக் கொஞ்சம் நிறைவாகக் காட்டிக்கொள்கிறாள், அதைப் போய் யாராவது போட்டுக்கொடுப்பார்களா? ஜாமும் நன்றாக இருந்தது.

எல்டன் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நோட்டு அவர் கையில் திறந்தே இருந்தது.

"சரி" என்றார் டாயல். "அப்ப நெசமான கணக்கு என்ன? லாரி வந்த பிறகு உங்க முற்றத்துல எத்தனை?"

"தெரியாதுங்க. நான்தான் எண்ண விடலையே."

"கோவிச்சுக்காதீங்க ஓப்பலம்மா. எட்டு வருஷமா ஒண்ணு சொன்னீங்க. இன்னிக்கு உங்க தோழிக்கு ஆகணும்னு இன்னொண்ணு சொல்றீங்க. நான் எத நம்புறது?"

பின் வரிசையிலிருந்து ஹோபர்ட் கையைத் தூக்கிக்கொண்டே எழுந்தார். "அவ சொல்றது நெசம் டாயல். எங்கிட்ட சீட்டு இருக்கு. ஜன்னல் ஆடுதுன்னு இடுக்குல சொருகி வச்சிருந்தேன், சிட்டு சங்கதி பேசணும்னு மார்வா காரு வந்து கூப்பிடவும் எதுக்கும் இருக்கட்டும்னு பிடுங்கிட்டு வந்தேன். பாருங்க, ஸ்டாம்ப் ஒட்டி, தேதி போட்டு, அரசாங்க முத்திரையோட இருக்கு. கோர்ட்டுலகூட செல்லும்."

அவளுக்கு உதவி செய்வதாகத்தான் அவர் நினைத்தார். சீட்டு கைமாறிக் கைமாறி மேடைக்குப் போனது. டாயல் அதைப் படித்தார். மற்ற நான்கு உறுப்பினர்களும் படித்தார்கள்.

"அப்ப கணக்கு தப்புன்னு நிரூபணம் ஆயிடுச்சு" என்றார் டாயல். வெற்றி பெற்ற குரல் இல்லை அது, அலுத்துப்போன குரல். "சரியான கணக்குன்னு ஒண்ணும் இல்ல. எல்டன் சார், நோட்ட நீங்க மூடிடலாம். எங்கிட்ட இருக்கிறது ரெண்டு சாவு. அத யாரும் தப்பா எண்ணல."

ஐந்து கையும் தூக்கப்பட்டன. லாரிக்குப் பத்து வருடம்.

வெளியே மார்வா தன் காரில் ஏறும்போது ஓப்பல் பக்கத்தில் போனாள். மார்வா கண்ணாடியை இறக்காமலே பேசினாள்; கண்ணாடிக்குப் பின்னாலிருந்து குரல் சின்னதாகக் கேட்டது.

"திட்டணும்னுதான் தோணுது. ஆனா நானும்தானே இறக்கினேன். எட்டு வருஷம். ஜாம் வேற தின்னேன். போடி, கொஞ்ச நாளைக்கு என் கண்ணுல படாத."

எல்டன் தன் பழைய வண்டியின் மூக்கின்மேல் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஓப்பல் வருவதைப் பார்த்தும் நிமிரவில்லை.

"ஒவ்வொரு வருஷமும் இத தலைநகரத்துக்கு அனுப்புறேன் ஓப்பல். மத்தவங்க எண்ணினதோட சேர்த்து அறிக்கை போடுவாங்க. இப்ப எழுதி, எட்டு வருஷத்தையும் எடுத்துடுங்கன்னு கேக்கணும். முன்னூத்தி இருபத்தஞ்சு சிட்டு."

"மன்னிச்சுடுங்கன்னு கேக்கக்கூட..."

"மொத வருஷம் எத்தனை வீடு?"

"என்னது?"

"நீங்க மொதல்ல கேட்ட வருஷம். மூணு வீடுன்னீங்க. அடுத்தது?"

அவள் சொன்னாள். மூன்று, ஐந்து, எட்டு, பன்னிரண்டு, பதினேழு, இருபத்திரண்டு, இருபத்தேழு, முப்பத்தொன்று. ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. தபால்காரிக்கு வீடு மறக்குமா? எந்தெந்த வீடு என்றும் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டே போனார். எழுதி முடித்து இரண்டு வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு வரிசை நகராமல் நின்றது. இன்னொன்று ஏறிக்கொண்டே போனது. நாற்பது சிட்டு சேர்க்க முதலில் மூன்று வீடு. அப்புறம் நாலு மைல் நீளம்.

"இதுதான் கணக்கு" என்றார். "நான் எண்ணினதவிட இதுதான் சரியான கணக்கு. இவ்வளவு தெளிவா நான் எங்கயும் பார்த்ததில்ல. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூட விளங்கும்."

ஓப்பலுக்கு ஒரு கணம் மூச்சு வந்தது. "அப்ப இத உள்ள போய்க் காட்டலாமா?"

"யாரு சொன்னதுன்னு கேப்பாங்க."

அவள் கூடத்து வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"வாயால சொன்ன கணக்கு ஓப்பல். அதுவும் உங்க வாயால." கடுமையாகச் சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. அவர் நோட்டை மூடி வண்டிக்குள் போட்டார். "வண்டியில இடிச்சுக்காம தள்ளி நில்லுங்க. நான் ரிவர்ஸ் எடுக்கணும்."

அந்த வருடம் ஜூலை முதல் திங்கட்கிழமை தபால் பெட்டிகளில் மின்சார பில்லும் மளிகைக்கடை விளம்பரமும்தான் விழுந்தன. ஹோபர்ட் பெட்டியருகே நிற்கவில்லை. ஜீப் வருகிற சத்தம் கேட்டால் உள்ளே போய்விடுகிறார். வெட்கம் அவளுக்கா அவருக்கா என்று அவருக்கே தெரியாது, பாவம்.

இரண்டாவது சனிக்கிழமை யாரையும் எதிர்பார்க்காமல்தான் ஓப்பல் எழுந்தாள். இருந்தாலும் புட்டியைக் கழுவி, புதுச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இரண்டே புட்டி, போன வருடம் வைத்த அந்தப் பத்து இல்லை. ஐந்தே முக்காலுக்கு வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

எல்டன் இறங்கிக் கூண்டை எடுத்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "ஒரு கை பிடிங்க" என்றார். அவள் பிடித்தாள்.

"வரமாட்டீங்கன்னு நெனச்சேன்."

"நானும்தான் நெனச்சேன்." கூண்டுக் கதவின் நரம்பைச் சரிபார்த்தார். "முப்பதுக்குக் கீழ போனா விட்டுடுவேன்னு சொல்லியிருக்கக் கூடாது நான். எண்ணுறவன் அப்படிச் சொல்லக் கூடாது. குறைஞ்ச இடத்துலதான் கட்டாயம் உக்காந்து எண்ணணும். வாத்தியார் வேலை பார்த்தவனுக்கு அது தெரிஞ்சிருக்கணும்."

ஓப்பலுக்குச் சட்டென்று அழுகை வந்தது. சமையலறைக்குள் போய்த் தேநீர் எடுத்து வருவதாகச் சொன்னாள்.

நாற்காலி போட ஆள் வரவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்தார்கள். வியாழக்கிழமைப் புகை வாடை இன்னும் செடிகளில் இருந்தது, அல்லது இருப்பதுபோல் அவளுக்குத் தோன்றியது. ஏழு மணிக்கு ஒரு சிட்டு வந்தது. இந்த வருடத்துக் குஞ்சு. பயம் தெரியாமல் கூண்டுக்குள் போனது. எட்டரைக்கு ஒரு ஆண். பிறகு வெயில் ஏறியது. வேலியோரச் செடியில் ஊதாப் பூங்கொத்து முழுக்க விரிந்து கிடந்தது. அதன்மேல் ஒன்றும் உட்காரவில்லை.

ஒன்பதே முக்காலுக்கு மூன்றாவது. பெண் சிட்டு. எல்டன் அதைக் கையில் எடுத்ததுமே நிறுத்தினார். காலில் வளையம் இருந்தது. பூதக்கண்ணாடியை வைத்து எண்ணைப் படித்து, பழைய நோட்டைப் புரட்டினார்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி இங்கயே போட்டது. நாலு குளிர்காலம் கடலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்திருக்கு."

"நம்ம சிட்டா?"

"நம்ம சிட்டுதான். ஆனா அந்த வருஷத்த எடுத்துடச் சொல்லி எழுதிட்டேனே. தலைநகரத்துல இதுக்குப் பேரு இல்ல இப்ப."

அவர் அதை ஓப்பலின் உள்ளங்கையில் வைத்தார். பதினோரு வருடமும் விருந்தாளிகளுக்கே கொடுத்துக் கொடுத்து, அவள் ஒரு தடவைகூட வாங்கியதில்லை. எடை என்றே ஒன்று இல்லை. சூடு மட்டும் இருந்தது. சூட்டுக்குள் ஒரு அதிர்வு. அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். போய்விட்டது.

எல்டன் புது நோட்டின் முதல் பக்கத்தில் தேதியைப் போட்டு, முதல் வருடம் என்று எழுதினார்.

"சபைக்காரங்க ஒத்துக்கிற மாதிரி ஒரு கணக்கு ஆகணும்னா எத்தனை வருஷம் வேணும்?" என்று கேட்டாள் ஓப்பல்.

"பத்தாச்சும் வேணும்."

"உங்களுக்கு இப்ப என்ன வயசு?"

"எழுபத்தேழு" என்றார். சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை. "சிட்டுக்கு அவ்வளவு நாள் இருக்கான்னு கேளுங்க மொதல்ல."

அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. சாப்பிட ஏதாவது செய்யட்டுமா என்று ஓப்பல் கேட்டாள், வேண்டாம் என்றார். போய்விடுங்களேன், வெயில் ஏறுகிறதே என்றாள். பன்னிரண்டு மணிவரை எண்ணுவது என்று எழுதியிருக்கிறது, பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்தால்தான் மூன்று என்பது மூன்றாகும் என்றார் அவர். தூண்டில் நரம்பைச் சுண்டுவிரலில் சுற்றிக்கொண்டு அவரும், கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு அவளும், தளும்பத் தளும்ப நிறைந்திருந்த அந்த இரண்டு புட்டிகளையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.